சரக்கு வண்டிக்கு ஒரு படம்

எமது வீட்டுப் பழைய ஆல்பத்தில், யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. கொழும்புக்குப் பயணமாகும் மாமாவும் மாமியும் நடுவே நிற்கின்றனர். மாமியின் தோளுக்குப் பின்னால், சரக்குப் பெட்டி ஒன்றின் மூலை மாத்திரம் தெரிகின்றது. படம் பிடித்தவர் அதனைக் கவனித்தே இருக்கமாட்டார். பயணிகள் வண்டிக்கு வரவேற்பாரும் உளர், வழியனுப்புவாரும் உளர். கூட்ஸ் வண்டிக்கு யார் உளர்?

அவ்வண்டிக்கென்றே படப்பெட்டியும் கையுமாகத் தண்டவாளத்தருகே காத்து நிற்பவர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர் என்றால், வாசகர் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் எடுத்த படங்களுள், எமது மதிப்பில் தலையாயவை அமெரிக்கரான ஓ. வின்ஸ்டன் லிங்க் எடுத்தவையே. 1914 ஆம் ஆண்டு புரூக்ளினிற் பிறந்த இவர் எஞ்சினியரிங் கற்றவர். கம்பனிகளுக்காகப் படம் பிடிப்பது இவரது தொழில். 1955 ஜனவரியில் தொழில் நிமித்தம் வேர்ஜீனியாவுக்குச் சென்றவர், அருகிலிருந்த வெயின்ஸ்பரோ நிலையத்தில் நீராவி எஞ்சின்களைக் கண்டார். ஏனைய பெரிய கம்பனிகள் பெரும்பாலும் டீசலுக்கு மாறிவிட்ட காலம் அது. நிலக்கரி ஏற்றிப் பிழைத்த நோர்போக் அன்ட் வெஸ்டேர்ண் நீராவியைக் கைவிடாதிருந்தது. அதுவும் நெடுநாள் நில்லாது என்பதை அவர் உணர்ந்தார். அடுத்த ஐந்து ஆண்டுகளில், தம் சொந்தச் செலவிலேயே, சுமார் 2,400 படங்கள் எடுத்தார்.

பெரும்பாலும் இரவிலேயே எடுத்தார். சூரியனையும் நகர்த்த இயலாது, தண்டவாளத்தையும் நகர்த்த இயலாது. ஆகையால் வெளிச்சத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். ஒருமுறை மின்னியதும் எரிந்துபோகும் குமிழ்களைப் பல இடங்களிற் பொருத்தி, கம்பியால் இணைத்து, வண்டி வரும் கணத்தில் யாவற்றையும் ஒருங்கே மின்னச் செய்வார். கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் படம் இல்லை. வண்டியோ திரும்பி வருவதில்லை!

அவற்றுள் ஒன்றைச் சொல்லவேண்டும். 1956 ஓகஸ்ட், அதாவது எமது யாழ்தேவி ஓடத் தொடங்கிய ஆண்டு. மேற்கு வேர்ஜீனியாவில் இயேகர் என்னும் ஊரிலே, காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளிச் சினிமா. முன்னே ஒரு காரில் இளஞ்சோடி ஒன்று அமர்ந்திருக்கின்றது. திரையிலே ஆகாய விமானம். அப்பால், வெண்புகை கக்கிக்கொண்டு சரக்கு வண்டி விரைகின்றது. மின்னிய குமிழ்கள் 43. அவ்வொளியில் திரை வெளிறிப்போனதால், விமானத்தைப் பின்னர் இருட்டறையிலேதான் சேர்த்தாராம்.

இதனை அறிந்தபோது எமக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. ஏமாற்று வித்தையன்றோ என்று எண்ணினோம். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. விமானத்தைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தனர். அவ்வண்டிக்கு அன்றிரவு அவர் ஒருவரே. வண்டியிற் பொய்யில்லை. காரில் இருந்த அவ்விருவரும்கூட எமது மாமா மாமியைப் போலவே, அதனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டுப் படப்பெட்டியுடன் புறப்படும் மாணவருக்கு ஒன்று: லிங்க் கம்பனியின் அனுமதியோடும் ஊழியரின் உதவியோடுமே இவற்றைச் செய்தார். நீங்களும் நிலைய அதிபரைக் கேட்டு, தண்டவாளத்துக்கு அப்பால் நில்லுங்கள்.

1960 இல் அக்கம்பனியின் நீராவி ஓட்டம் நின்றது. திறந்தவெளிச் சினிமாவைக் கடந்து சென்ற ஏ வகுப்பு எஞ்சின்களுள் இன்று எஞ்சியிருப்பது 1218 என்னும் இலக்கமுடைய ஒன்றே. லிங்க் 2001 இல் காலமானார். ரோனோக் நகரின் பழைய பயணிகள் நிலையத்திலே 2004 இல் அவரது படங்களுக்கென ஒரு காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அதன் அருகிலுள்ள தண்டவாளத்தில் சரக்கு வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. இழுப்பவை டீசல் எஞ்சின்கள்.