எண்டர் தட்டினா எவன் தள்ளச் சொன்னது?

மைசூருல ஆணி புடுங்கிட்டு இருக்கிற எனக்கு நேத்து வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லீங்க. ஊர்லேருந்து அக்கா பையன் போன். "மாமா, புரோகிராம் ஓடுது, விடைதான் தப்பு. லேப் பரீட்சையில மார்க் போச்சு."

பைத்தான். பத்து எண்களைக் கூட்டணும். முதல் எண்ணோட நின்னுடுது. திரையைக் காட்டச் சொன்னா, லூப்புக்கு வெளியே இருக்கவேண்டிய 'ரிட்டர்ன்' உள்ளே உக்காந்திருக்கு. அவன் எண்டர்தான் தட்டினான். முந்தின வரி எங்கே ஆரம்பிச்சுதோ அங்கேயே எடிட்டர் கொண்டுபோய் வெச்சுடுச்சு.

சி மொழின்னா பரவால்ல, அடைப்புக்குறி பாத்துக்கும். பைத்தான்ல தள்ளி எழுதுற இடம்தானே அர்த்தம்? அதுல போய் எடிட்டர் யூகம் பண்ணலாமா? ஒரு எரர்கூட வராது!

"பையன்தான் பாத்திருக்கணும்"னு சொல்ற பெருசுங்களே, டெர்மினல்ல விம்ல கோடு ஒட்டினப்போ படிக்கட்டு மாதிரி சரிஞ்சுதே, மறந்துட்டீங்களா? ஒட்டுறதுக்கும் தட்டுறதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியலை. ':செட் பேஸ்ட்' மனப்பாடம் பண்ணித்தானே தப்பிச்சோம்? ஈமாக்ஸ்காரங்க இன்னும் ஒரு படி மேலே. 2014ல வந்த 24.4ல கேக்காமலே இதை ஆன் பண்ணி வுட்டாங்க. விஎஸ் கோடுலயும் 'ஆட்டோ இண்டென்ட்' ஆரம்பத்துலேயே 'ஃபுல்'தான்.

வேணுங்கிறவன் போட்டுக்கட்டும். படிக்கிற பசங்களுக்கு 'நன்'னு மாத்திக் கொடுங்க மக்களே. நாலு தடவை ஸ்பேஸ் தட்டினா விரல் தேயாது :-)

அக்காவுக்குத்தான் கோபம் தீரலை. எடிட்டர் மேல இல்ல, என் மேல. அதைப் போடச் சொன்னதே நான்தானே.