இரும்பு தேயும், பெயர் தேயாது



சென்னைக் கடற்கரை நிலையத்தினின்று தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கி.மீ. ஓடும் புறநகர் மின்தொடர்வண்டியைப் பலரும் அறிவீர். பிழைப்புத் தேடி நம் மல்லாங்கிணற்றினின்றும் விருதுநகர், சிவகாசிப் பக்கத்துச் சிற்றூர்களினின்றும் தலைநகர் செல்லும் இளைஞர்க்கு, அம்மாநகரின் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகக் கற்பிப்பது அவ்வண்டியே. அதன் வரலாற்றைத் தமிழாசிரியன் எழுதுவானேன் எனின், மொழிக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

தென்னகத்தின் முதல் தொடர்வண்டி 1856இல் இராயபுரத்தினின்று புறப்பட்டது. இந்தியாவின் முதல் மின்தொடர்வண்டி 1925இல் பம்பாயில் ஓடிற்று. ஆறாண்டு கழித்து, 1931இல், தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமம் கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்வண்டியை இயக்கிற்று. அன்று அது மீட்டர் அகலப் பாதை. ஓட்டியது 1,500 வோல்ட்டு நேர்மின்னோட்டம். கரிவண்டியினும் விரைந்து புறப்பட்டு, விரைந்து நின்று, அடுத்தடுத்து வரவல்ல அவ்வண்டியால், ஏரியும் வயலுமாய் இருந்த ஊர்கள் குடியிருப்புகளாயின. சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் 1937இல் நகர நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது.

பின்னர் எல்லாம் மாறின. பழைய குழுமம் மறைந்து, 1951இல் தென்னக இருப்புப்பாதை அமைந்தது. 1967இல் நேர்மின்னோட்டம் போய் 25,000 வோல்ட்டு மாறுமின்னோட்டம் வந்தது. 2004இல் மீட்டர் பாதையில் ஓடிய இறுதி மின்வண்டியும் நின்று, அகலப்பாதை வண்டிகளே எஞ்சின. 1931இல் இருந்த பாதை இல்லை, பெட்டி இல்லை, மின்னோட்டம் இல்லை. நிலைத்திருப்பவை எவை? சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர்களே! இரும்பு தானே தேயும். பெயரோ, மக்கள் முனைந்து மாற்றினாலன்றி மாறாது.

ஆதலின், நிலையப் பலகையில் எழுதும் சொல் சிறு செய்தியன்று. எந்தப் பாடநூலினும் மிகுதியாக, நாள்தோறும் நூறாயிரக்கணக்கானோர் கண்ணிற்படும் தமிழ் அதுவே. கடற்கரை, கோட்டை, பூங்கா எனத் தமிழில் எழுதியவர் நன்று செய்தனர். ஆங்கிலப் பலகை தோமையர் பெயர் தாங்கி நிற்கும் இடத்தில், மக்கள் இட்ட ‘பரங்கிமலை’யே தமிழ்ப் பலகையில் நிற்கிறது. ‘பரங்கி’ வெளியினின்று வந்த சொல்லே. ஆயினும் தமிழ்நா அதனைத் தன் ஒலிக்கு வளைத்துக்கொண்டது. ‘தாம்பரம் சானடோரியம்’ என்பதோ வளைக்கப்படவுமில்லை, பெயர்க்கப்படவுமில்லை. மருத்துவர் சவுரிமுத்து 1928இல் அங்கு நிறுவிய என்புருக்கிநோய் மருத்துவமனையின் ஆங்கிலப் பெயர் அது. மருத்துவமனையை 1937இல் அரசு ஏற்றது. இன்று அது நெஞ்சகநோய் மருத்துவமனையாய் வளர்ந்துள்ளது. மருத்துவமனை தன் பழம்பெயரைக் களைந்தும், நிலையம் அதனைச் சுமந்து நிற்கிறது. ‘நெஞ்சக மருத்துவமனை’ என்று எழுதினால், நோயாளியை அழைத்து வரும் சிற்றூர்த் தாய்க்கும் இறங்குமிடம் விளங்குமன்றோ?

இதே தடத்தில்தான் பல்லாவரமும் உளது. கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியப் பணியினின்று நீங்கி, மறைமலையடிகள் 1911இல் குடியேறிய ஊர் அது. மின்வண்டி வருவதற்குப் பதினைந்தாண்டு முன்னர், 1916இல், தனித்தமிழ் இயக்கம் அங்கே பிறந்தது. அவ்வூரில் ஏறி இறங்குவோருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? நிலையத்தில் எல்லாரும் காணுமிடத்தில் இவ்வரலாற்றைக் கல்லிற் பொறித்தல் வேண்டும். தாம்பரத்தைத் தாண்டிச் செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் தடத்தில் மறைமலைநகர் காமராசர் நிலையம் இருப்பது நமக்கு ஆறுதல். அடிகளாரோடு நம் விருதுநகர் மைந்தரின் பெயரும் அங்கு இணைந்து நிற்கிறது.

வழக்கில் ஊன்றிய பெயரை மாற்றலாகாது என்பாருளர். விருதுப்பட்டி 1923இல் விருதுநகர் ஆயிற்றே! அதனால் எவ்வணிகம் கெட்டது? எவ்வண்டி வழிதவறிற்று? அன்றியும், சானடோரியம் நம் முன்னோர் இட்ட பெயருமன்று.

ஆயினும் ஆணை ஒன்றே போதாது. 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிப்பிற்கேற்பத் திருத்த 2020 சூன் திங்களில் தமிழக அரசு ஆணையிட்டது; எழும்பூரும் அவற்றுள் ஒன்று. அத்திங்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஆங்கிலப் பலகையைத் திருத்த அரசு வேண்டும். நம் நாவைத் திருத்த எவ்வாணையும் வேண்டா. பலகையில் ‘எழும்பூர்’ என்றிருக்க ‘எக்மோர்’ என்றும், ‘கடற்கரை’ என்றிருக்க ‘பீச்’ என்றும் கேட்டுச் சீட்டு வாங்குபவர் தமிழரே அல்லரோ?

சென்னைக்குச் செல்லும் நம் பிள்ளைகட்கு இதனைச் சொல்லியனுப்புங்கள். சீட்டுக் கேட்கையில் பலகையிலுள்ள தமிழ்ப் பெயரையே சொல்லட்டும். எழுதப்பட்ட பெயர் வாயில் வழங்கினால்தான், எழுதப்படாத பெயரைக் கேட்கும் உரிமை நமக்கு வலுப்பெறும்.