116 ஏக்கர் மக்கள் பூங்கா எங்கே போச்சு? மிஞ்சிய விக்டோரியா ஹாலாவது ஜனங்களுக்குக் கிடைக்குமா!

சென்னை: சென்ட்ரலில் இறங்கி பார்க் ஸ்டேஷனுக்கு ஓடுறவங்க தினமும் எத்தனையோ பேர். அந்தப் 'பார்க்' எங்கே இருக்குன்னு யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் நிஜமாவே இருந்தது. அதுவும் 116 ஏக்கரில்!

1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன் போட்ட யோசனை அது. 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது மக்கள் பூங்கா என்று பெயர். 11 குளம், பேண்டு மேடை, தோட்டம் என்று இடமே ஜேஜேன்னு இருக்கும். மிருகக்காட்சி சாலையும் அங்கேதான். அந்தக் காலத்து மெட்ராஸ்காரங்க மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்பாங்க, இதை 'உயிர் காலேஜ்' என்பாங்க.

வருஷக் கடைசியில் திருவிழாச் சந்தையும் களைகட்டும். 1886 டிசம்பர் 31-ல் அந்தச் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் கருகிச் செத்தது ஊரையே உலுக்கிய சோகம்.

கொஞ்சம் கொஞ்சமா...

பூங்கா ஒரே நாளில் காணாமல் போகவில்லை. முதலில் விக்டோரியா பப்ளிக் ஹால். 1900-ல் மூர் மார்க்கெட். 1913-ல் ரிப்பன் மாளிகை. அப்புறம் ஸ்டேடியம். ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவைதான். ஆனா தேவை வந்தப்பல்லாம் கை வைத்தது இந்தப் பூங்காவில்தான். காரணம் ரொம்ப சிம்பிள். ஊர் நடுவில் காலி இடம், விலை கொடுத்து வாங்க வேண்டாம்!

1985-ல் அடுத்தடுத்து இரண்டு அடி. மே 30-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகம் முதல் கிராமபோன் தட்டு வரை குறைந்த விலைக்கு வாங்கிய ஏழைகளின் பஜார் அது. கட்டடத்தை சீர்செய்து வைக்காமல் இடித்தார்கள். அங்கே எழுந்த புறநகர் ரயில் நிலையத்தில் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்று பெயர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதே வருஷம் உயிர் காலேஜும் சுமார் 30 கி.மீ. தள்ளி வண்டலூருக்குப் போனது. மிருகங்களுக்கு அது நல்லது. ஆனா நடந்தே வந்து பார்த்த ஜனங்களுக்கு பஸ், ரயில் செலவு வந்து சேர்ந்தது.

வியாபாரிகளுக்கு மாற்று இடம் எங்கே தெரியுமா? அல்லிக்குளம்! பூங்காவின் 11 குளத்தில் ஒன்று அது. குளத்து இடத்தில் கட்டடம் எழும்பியது.

மிச்சம் என்ன?

ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா கொஞ்சம் பச்சையாக நிற்கிறது. அடுத்தது விக்டோரியா ஹால். சிஸ்ஹோம் வரைந்து, நம்பெருமாள் செட்டி கட்டிய செங்கல் கட்டடம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடை. 1897-ல் விவேகானந்தர் பேசிய இடம். மெட்ராஸில் சலனப்படம் முதலில் ஓடியதும் இங்கேதான்.

அப்பேர்ப்பட்ட ஹால் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 2023-ல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவு செய்து புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியது. பாராட்ட வேண்டிய விஷயம். மூர் மார்க்கெட்டுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் இது.

ஆனா சுவரைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா? உள்ளே யார் போகப் போறாங்க என்பதுதான் கேள்வி. பெரிய கம்பெனி விழாவுக்கு மட்டும் கட்டுப்படியாகும் வாடகை என்றால், ஜனங்கள் வெளியே நின்று போட்டோ எடுக்க வேண்டியதுதான். நாடகக்குழு, கூத்துக்கலைஞர், தொழிற்சங்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாதத்தில் சில நாளாவது குறைந்த கட்டணத்தில் ஒதுக்கணும். கட்டண விவரத்தை வாசலில் போர்டு எழுதி வைக்கணும்.

மக்கள் பெயரில் இருந்த 116 ஏக்கர் போச்சு. மிஞ்சிய ஒரு ஹாலாவது மக்களுக்குக் கிடைக்கட்டும்!