முன்பணமும் கடலை விலையும்

மானாவாரி நிலக்கடலை பறித்துக் களத்தில் காயும் நாட்களில், குடியானவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக் கொள்வது மண்டியில் இன்றைக்கு என்ன விலை என்பதே. இக்கவலை நியாயமானதுதான். ஆயினும் அவர்களிற் பலருடைய கடலைக்கு அன்று மண்டியில் விலை தீர்மானிக்கப்படுவதில்லை. விதைக்குப் பணமின்றி வியாபாரியிடம் முன்பணம் பெற்ற ஆனி, ஆடி மாதத்திலேயே அது தீர்ந்துவிட்டது.

விளைபொருள் விற்பனையைச் சட்டத்தால் ஒழுங்கு செய்யும் முயற்சி புதியதன்று. பேரார் நாட்டில் 1897இல் பருத்திச் சந்தைகளுக்குச் சட்டம் பிறந்தது. 1928இல் விவசாய ராயல் கமிஷன் அத்தகைய சந்தைகளை எங்கும் பரப்ப வேண்டுமென்றது. சென்னை மாகாணம் 1933இல் வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்ற, 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் இப்பொழுதுள்ள சட்டம் 1987ஆம் வருஷத்தது. இவற்றால் எடையில் மோசம் குறைந்தது. மகமை, சாம்பிள், தரகு என்று மூட்டைக்கு மூட்டை பிடித்த பிடித்தங்கள் ஒழிந்தன. வியாபாரிகள் தத்தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியிலிட, உயர்ந்த விலை எதுவென்று யாவரும் அறிகின்றனர். பிடிக்காவிடில் விற்பவர் மறுக்கலாம்.

இத்தனை இருந்தும் கடலையில் ஒரு பகுதி விற்பனைக்கூடத்தின் வாசலை மிதியாமலே போவதற்குக் காரணம் அறியாமை என்று கூறுவது பொருந்தாது. முன்பணம் வாங்கியவர் சரக்கை வேறிடம் கொண்டுசெல்ல வாய் கூசுகிறார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பலர் இகழ்வர். அங்கேனும் இரண்டு மூன்று பேர் வந்து விரல் பிடிப்பார்கள். இவருக்கோ பிடிப்பதற்கு ஒரு கைதான் உண்டு.

ரூ.20,000 முன்பணம், வட்டியில்லை என்ற பேச்சு. நான்கு மாதம் கழித்து 20 குவிண்டால் கடலையை அவ்வியாபாரிக்கே குவிண்டாலுக்கு ரூ.150 குறைத்து அளப்பது என்று வைத்துக் கொள்ளலாம். குறைந்த தொகை ரூ.3,000. அதாவது நூற்றுக்கு மாதம் மூன்றே முக்கால் ரூபாய் வட்டி. வட்டியென்று கேட்டிருந்தால் அக்குடியானவர் எழுந்து வந்திருப்பார். விலையினுள் ஒளிந்திருப்பதால் வட்டியில்லாக் கடன் என்று நன்றியும் கூறுகிறார். வியாபாரியை மட்டும் பழிப்பதும் முறையன்று. மழை பொய்த்தால் அவர் பணமும் நிற்கும்; பட்டா, சிட்டா ஒன்றும் கேளாமல், கதவைத் தட்டிய இரவே கொடுப்பவரும் அவரே. அவரைத் திட்டுவதால் அடுத்த ஆடிக்கு விதை கிடைத்துவிடாது.

கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்தினால் வட்டியில்லை என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அத்தவணைக்குப் பணம் சேர்க்கவே, சந்தையில் சரக்கு குவிந்து விலை தாழ்ந்திருக்கும் வாரத்தில் கடலையை விற்றுவிடுகிறார்கள். இவ்விடத்தில் விற்பனைக்கூடத்தின் பொருளீட்டுக் கடனை நினைவிற் கொள்வது நலம். சரக்கின் மதிப்பில் முக்கால் பங்கு வரை, 180 நாட்களுக்குக் கிடைப்பது. 20 குவிண்டால் கடலையின் மதிப்பு ரூ.1,20,000 ஆயின், கடன் ரூ.90,000. வருஷத்திற்கு நூற்றுக்கு 5 வீதம் மூன்று மாத வட்டி ரூ.1,125, குவிண்டாலுக்கு ரூ.56 சொச்சம். விலை இதற்கும் கிடங்குச் செலவிற்கும் மேல் ஏறினால் காத்ததில் லாபம். இல்லாவிடினும் பயிர்க்கடன் தவணையில் தீர்ந்துவிடும்.

விலை ஏறியே தீருமென்று எவரும் உறுதி கூற இயலாது. பாமாயில் இறக்குமதித் தீர்வையைச் சர்க்கார் குறைத்தால் கடலை விலையும் சாயக்கூடும். ஆதலின் முழுவதையும் கிடங்கிலேற்றிக் காத்திருப்பது விவேகமன்று. பாதியை விற்றுக் கைச்செலவைத் தீர்த்துக்கொண்டு மறுபாதியை வைப்பதே தகும். வைப்பதையும் பருப்பாக உடைக்காமல் நெற்றாகவே வைக்க வேண்டும். ஈரம் நூற்றுக்கு 8க்கு மிகாதிருத்தல் அவசியம். குலுக்கினால் பருப்பு ஓட்டினுள் ஆடி ஓசை கேட்கும்வரை காய்ந்திருப்பது களத்தில் அறியத்தக்க அடையாளம். காயாத கடலையில் பூஞ்சணம் பிடித்து நஞ்சு சேருமாயின், காத்திருந்த விலையும் கிடையாது.

இவை யாவும் அடங்கலில் தம் பெயருள்ளவர்க்கே எளிது. வாரத்திற்கோ குத்தகைக்கோ உழுபவர், நிலம் வேறொருவர் பெயரிலிருக்க, பயிர்க்கடனுக்குச் சென்றால் வெறுங்கையுடன் திரும்பி வியாபாரியின் வாசலுக்கே போகிறார். பயிராய்வுக்குச் செல்லும் கிராம அலுவலர் வரப்பில் நின்று உண்மையில் உழுபவர் யாரென்று கேட்டு எழுதுவதும், எழுதுவதைத் தடுக்காமல் நிலச்சொந்தக்காரர் ஒப்புவதும் ஆடிப் பட்டத்திற்கு முன்பே நடைபெற வேண்டியவை. ஒரு பருவத்துப் பயிர்ப் பதிவினால் பட்டா கைமாறிவிடும் என்ற அச்சம் சில மிராசுதார்களுக்கு உண்டு. பட்டாவும் அடங்கலும் வெவ்வேறு கணக்குகள் என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல, கணக்கை வைத்திருக்கும் அலுவலரைவிடத் தகுந்தவர் கிராமத்தில் வேறில்லை.