கொட்டகைக்கு ஒப்பாரி

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நான் பதறிப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். எங்கள் பேட்டையில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக நின்ற சினிமாக் கொட்டகையை இடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிச் சுவர், பாதி ஆகாயம். நடுவே டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் மட்டும் மிச்சம்.

"பார்த்தீர்களா, ஸார்! நம்முடைய இளமையையே இடித்துவிட்டார்கள். நீங்கள் இதைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். படிக்கிறவர்கள் கண்ணில் ஜலம் வர வேண்டும்" என்றார்.

"எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இந்தக் கொட்டகையில் நீங்கள் கடைசியாகப் படம் பார்த்தது எப்போது?"

நண்பர் மோவாயைத் தடவிக்கொண்டார். "பெண்ணுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால்... இல்லை, அதற்கும் முன்னால்" என்றார். அந்தப் பெண்ணின் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

தகப்பனார் உயிரோடு இருந்தபோது ஒரு வாய் கஞ்சி ஊற்றாத பிள்ளை, திவசத்தன்று மட்டும் வடை பாயசத்தோடு ஊரைக் கூட்டுவது உண்டு. கொட்டகைகளுக்காக இன்று எழும்புகிற ஒப்பாரியில் பெரும்பகுதி அந்தப் பிள்ளையின் ஒப்பாரிதான்.

நண்பரைப் போன்றவர்கள் அழுவதோடு எனக்குச் சண்டை இல்லை. எதற்காக அழுகிறார்கள் என்பதில்தான் சண்டை. பழைய கொட்டகைகளைப் பற்றி இப்போது வருகிற கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். மாடிப்படி, பால்கனி, வெல்வெட் திரை மெதுவாக மேலே போகிற அழகு, மணி அடித்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்குகிற கிளர்ச்சி, இடைவேளையில் வாங்கித் தின்ற முறுக்கு - எல்லாம் இருக்கும். ஒரே ஒரு ஆள் மட்டும் இருக்க மாட்டான். அவன்தான் தரை டிக்கெட்டுக்காரன். யார் கொடுத்த நாலணாக்களால் அந்தக் கொட்டகை நின்றதோ, அவனைக் கொட்டகையின் சரித்திரத்திலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சரித்திரம் என்ன சொல்கிறது? சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-இல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் 'எலெக்ட்ரிக் தியேட்டர்' என்று ஒரு கொட்டகையைக் கட்டினார். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் பொழுது போக்குவதற்காக ஏற்பட்டது அது. இரண்டே வருஷத்தில், 1915-இல், அது தபால் இலாகாவின் கைக்குப் போயிற்று. கட்டடம் இன்றும் நிற்கிறது. தபால் தலை சேகரிப்பவர்களுக்கான இடமாக இருக்கிறது. நம் நாட்டில் ஒரு சினிமாக் கொட்டகை நூறு வருஷம் வாழ வேண்டுமானால், அது முதலில் சினிமாக் கொட்டகையாக இருப்பதை நிறுத்திவிட வேண்டும் போலிருக்கிறது!

அதற்கு அடுத்த வருஷமே, 1914-இல், ரகுபதி வெங்கையா 'கெயிட்டி'யைக் கட்டினார். இந்தியர் ஒருவர் சென்னையில் சொந்தமாகக் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை அதுதான். இன்று அது இல்லை. அதே 1914-இல் கோயமுத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 'வெரைட்டி ஹால்' கட்டினார். பிற்காலத்தில் 'டிலைட்' என்று பெயர் மாறிய அதையும் இடித்துவிட்டார்கள்.

வின்சென்டின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை அல்ல. ரெயில்வேயில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1905-இல் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். ஆக, தமிழ் நாட்டில் சினிமா வேரூன்றியது வெல்வெட் திரைக்குப் பின்னால் அல்ல. கூடாரத்தில், மண் தரையில், கால் மடக்கி உட்கார்ந்த ஜனங்களுக்கு நடுவில்.

அந்தக் கூடாரத்தின் பேரப் பிள்ளைதான் நான் சிறு வயதில் பார்த்த டூரிங் டாக்கீஸ். சாயங்காலம் ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டுக் கிளம்பினால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அடுப்பில் இருக்கிற சோற்றைக்கூட அவசர அவசரமாக இறக்கி வைத்துவிட்டு ஜனங்கள் புறப்படுவார்கள். முன்னால் மணல் தரை. நடுவே இடுப்பளவு சுவர். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவது எங்கள் சாமர்த்தியம். பின்னால் இருக்கிறவர் திட்டிக்கொண்டே அதைக் கலைத்துவிடுவது அவர் சாமர்த்தியம். தரைக்குப் பின்னால் பெஞ்சு. அதற்கும் பின்னால் நாலைந்து நாற்காலிகள். அவை பண்ணையாருக்கும் போலீஸ்காரருக்கும்.

இதைச் சமத்துவம் என்று நான் சொல்ல மாட்டேன். நாற்காலி நாற்காலிதான், தரை தரைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அந்த நாளில் இரண்டு விதத் தம்ளர்கள் இருந்தன. கொட்டகையில் இரண்டு திரைகள் இல்லை! சேரியிலிருந்து வந்த கூலிக்காரன் முன்னால் உட்கார்ந்து பார்த்தான்; பண்ணையார் அவன் தலைக்கு மேலாகப் பார்த்தார். ஊரில் வேறு எந்த இடத்திலும் பண்ணையாருக்கு முதுகைக் காட்டி அவன் உட்கார்ந்ததில்லை. ஹாஸ்யக் காட்சியில் இரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் சிரித்தார்கள். இருட்டில் யார் சிரிப்பு யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி இதைத்தான் ஆராய்ச்சி பூர்வமாகச் சொன்னார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையிலிருந்த காசு என்பது அவர் கருத்து. நாம் இழந்தது இந்தக் கூரையைத்தான். ஒப்பாரி வைக்கிறவர்களோ கூரையை விட்டுவிட்டுத் தூண்களின் பூ வேலைப்பாட்டைப் பற்றிப் பிரலாபிக்கிறார்கள்!

"பழைய கொட்டகைகள் என்ன, சுவர்க்க லோகமா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. மூட்டைப் பூச்சி கடித்தது. பீடிப் புகை கண்ணைக் கரித்தது. கழிப்பிடத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நாகரிகம். புதுப் படம் வந்தால் கள்ள மார்க்கெட்டில் டிக்கெட் விற்றார்கள். பெண்கள் தனியாகப் போகப் பயந்தார்கள். இவையெல்லாம் ஒழிய வேண்டியவைதான். ஆனால் மூட்டைப் பூச்சியை ஒழிக்கிறோம் என்று ஆரம்பித்தவர்கள் அதோடு சேர்த்துத் தரை டிக்கெட்டுக்காரனையும் ஒழித்துவிட்டார்கள் என்பதுதான் என் புகார்.

மதுரைத் தங்கம் தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த கொட்டகை. 2,500-க்கு மேற்பட்ட பேர் ஒரே சமயத்தில் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார் தட்டிக்கொண்டார்கள். அந்த இடத்தில் இன்று இருப்பது ஜவுளிக் கடை. சென்னை 'சாந்தி' 1961-இல் திறந்தது; 2016-இல் மூடியது. கொட்டகைச் சொந்தக்காரர்களை வைது பிரயோசனம் இல்லை. நடு ஊரில் அத்தனை பெரிய மனையை வைத்துக்கொண்டு, இரண்டாயிரம் இருக்கையில் இருநூறு பேருக்குப் படம் காட்டி, எத்தனை நாள் தாக்குப் பிடிக்க முடியும்? வரி இருக்கிறது, மின்சாரக் கட்டணம் இருக்கிறது, சிப்பந்திகளின் சம்பளம் இருக்கிறது.

கொட்டகையை முதலில் கைவிட்டவர்கள் யார்? நாம்தான், மாதச் சம்பளக்கார நடுத்தர வர்க்கத்தார்தான். 1980-களில் டெலிவிஷன் வந்தது, கூடத்தில் உட்கார்ந்துவிட்டோம். வீடியோ காஸெட் வந்தது, ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்த்துவிட்டுக் காலையில் ஆபீஸில் தூங்கினோம். அப்புறம் கேபிள், இப்போது உள்ளங்கையிலேயே சினிமா. அப்போதெல்லாம் கொட்டகையைத் தாங்கி நின்றவன் தரை டிக்கெட்டுக்காரனும் பெஞ்சு டிக்கெட்டுக்காரனும்தான். பிறகு நாம் திரும்பி வந்தோம். ஆனால் பழைய கொட்டகைக்கு அல்ல. பெரிய அங்காடி மாளிகையின் உச்சி மாடியில் நமக்கென்று கட்டிய குளிர்சாதன அரங்குக்கு. வாசலில் காவல்காரர் பையைச் சோதிக்கிறார். செருப்பில்லாத காலோடு அந்த வாசலில் ஒருவன் நுழைவதை நான் பார்த்ததில்லை. சட்டம் தடுக்கவில்லை, விலை தடுக்கிறது.

அந்த மாதிரி அரங்குகளிலும் முன்பு பல வருஷங்கள் முன்வரிசையில் பத்து ரூபாய் டிக்கெட் என்று ஒன்று இருந்தது. ஒரு நாள் நான் அதைக் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அது முடிந்துவிட்டது, ஸார்" என்றான். படம் ஆரம்பிக்க இரண்டு மணி நேரம் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் முன்வரிசை முக்கால்வாசி காலி! ஒரு சட்டத்தை எப்படி மீறாமலே கொல்லலாம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் விடுவதாயில்லை. "கொட்டகை போனால் போகட்டும். டிரைவ்-இன் தியேட்டராவது நிறைய வரக் கூடாதா? காரிலேயே உட்கார்ந்து, காற்றாட, குடும்பத்தோடு..." என்றார்.

சென்னைக்காரர்களுக்கு 'டிரைவ்-இன்' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சினிமா அல்ல, சிற்றுண்டி! 1962 முதல் 2008 வரை கதீட்ரல் ரோட்டில் இருந்த உட்லண்ட்ஸ் ஓட்டலைத்தான் அப்படிச் சொல்வார்கள். காருக்கே தட்டு வரும். சினிமாவுக்கு என்று டிரைவ்-இன் தோன்றியது அமெரிக்காவில். நியூ ஜெர்ஸி மாகாணத்தில், காம்டன் ஊருக்குப் பக்கத்தில், ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் 1933 ஜூன் 6-ஆம் தேதி முதல் காட்சியை நடத்தினார். பின்னால் இருக்கிற காருக்கு முன்னால் இருக்கிற கார் மறைக்காதபடி தரையைச் சாய்வாக மேடாக்கி, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். எங்கள் மணல் மேட்டுத் தந்திரம்தான். காருக்குச் செய்தது, அவ்வளவுதான்! காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட்.

1958 வாக்கில் அந்நாட்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட டிரைவ்-இன்கள் இருந்தன. இன்று சில நூறுகள்தான். நகரம் வளர்ந்தது, நிலத்தின் விலை ஏறியது, விற்றுவிட்டார்கள். 1966-இல் வந்த சட்டப்படி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியதால், இருட்டி முதல் காட்சி ஆரம்பிப்பதற்கே நேரமாயிற்று. வீட்டுக்கு வீடு கார் இருக்கிற தேசத்திலேயே இந்தக் கதி!

இந்தியாவிலும் அகமதாபாத்தில் 1973-இல் ஒன்று வந்தது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'பிரார்த்தனா' இருந்தது. நான் அங்கே போயிருக்கிறேன். அங்கே கண்டது என்ன? காருக்குள் உட்கார்ந்து பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. நம் ஜனங்களோ பாயையும் மடக்கு நாற்காலியையும் எடுத்து வந்து, காருக்கு வெளியே தரையில் விரித்துக்கொண்டார்கள். பக்கத்துக் குடும்பத்தின் குழந்தை எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தது. எங்கள் புளியோதரை அவர்கள் பாய்க்குப் போயிற்று. ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டு என்று கட்டிக் கொடுத்தாலும் தமிழன் கதவைத் திறந்து மண்ணில் இறங்கிவிடுகிறான்! ஆனாலும் அந்த மண்ணில் உட்காரக் காரோடு வர வேண்டியிருந்தது. அதனால்தான் டிரைவ்-இன் கொட்டகைக்கு வாரிசு ஆக முடியாது என்கிறேன். அது வீட்டுக் கூடத்துக்குச் சக்கரம் மாட்டிய சமாசாரம்.

ஆகையால் ஒப்பாரியை நிறுத்துவோம். உங்கள் ஊரில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஒரு பழைய கொட்டகை இருந்தால், மாதம் ஒரு முறையாவது காசு கொடுத்து உள்ளே போங்கள். குறைந்த விலை டிக்கெட் சட்டத்தில் இருந்தால் அது ஜன்னலிலும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சட்டத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சரித்திரம் எழுத ஆசையா? முகப்புச் சுவரைப் படம் எடுத்தது போதும். கார்பன் குச்சி வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஆபரேட்டரையும், இரண்டு கொட்டகைக்கு நடுவே படப் பெட்டியைச் சைக்கிளில் சுமந்த பையனையும், இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டியவரையும் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை இன்னும் ஓடுகிறது. இன்று சாயங்காலம் வருகிறீர்களா?" என்றார்.

போனோம். ஜன்னலில் இருப்பதிலேயே குறைந்த டிக்கெட்டாகப் பார்த்து இரண்டு வாங்கினோம். கழுத்து வலித்தது. பக்கத்தில் ஒரு சித்தாள் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கை விரல்களில் சிமெண்ட் இன்னும் காயவில்லை. கதாநாயகன் திரையில் தோன்றியதும் பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தான். நண்பர் திடுக்கிட்டுத் திரும்பினார். இடைவேளை முடிந்து அடுத்த சண்டைக் காட்சி வந்தபோது விசில் வெகு பக்கத்திலிருந்து கேட்டது. இருட்டாக இருந்தது, யார் என்று நான் பார்க்கவில்லை.