குழாயைத் திருப்பு, திருவிழாவை நிறுத்தாதே!



இன்டர்நெட்டில் ஒருத்தர் போடுவது எல்லா நாட்டிலும் தெரியும். ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு வேற. அங்கே சரி, இங்கே குற்றம் என்றால் எந்த கோர்ட் சொல்றதைக் கேட்கணும்? இதற்கு 2000-ஆம் வருஷமே பாரிஸில் ஒரு வழக்கு நடந்தது.

யாஹூ ஒரு அமெரிக்கக் கம்பெனி. அப்போது அதன் இணையதளத்தில் பழைய பொருள்கள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தன. அதில் ஹிட்லரின் நாஜிக் கட்சிச் சின்னம் போட்ட பொருள்களும் வந்தன. அமெரிக்காவில் அது குற்றம் கிடையாது. அவர்கள் அரசியல் சட்டத்தில் 1791-இல் வந்த முதல் திருத்தம் பேச்சுரிமைக்கு அவ்வளவு காவல். பிரான்சிலோ நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டினாலே குற்றம். காரணம் இருக்கு. இரண்டாம் உலகப் போரில் அங்கிருந்து சுமார் 76,000 யூதர்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வரவே இல்லை. தாத்தா பாட்டியை அப்படிப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்தச் சின்னம் விற்பனைக்கு! யாருக்குத்தான் வயிறு எரியாது?

இனவெறிக்கு எதிரான ஒரு சங்கமும், யூத மாணவர் சங்கமும் வழக்குப் போட்டன. (மாணவர் சங்கம் என்பதைக் கவனியுங்கள்!) "எங்க கம்பெனி அமெரிக்காவில் இருக்கு. பிரான்சில் பார்க்கிறவங்களை மட்டும் தடுக்க முடியாது" என்பது யாஹூவின் வாதம். நீதிபதி ஜான் ஜாக் கோமஸ் அதை அப்படியே நம்பிவிடவில்லை. மூன்று நிபுணர்களை வைத்து விசாரித்தார். பிரான்சில் இருந்து பார்ப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேரை அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அதோடு யாஹூ அவர்களுக்குப் பிரெஞ்சு மொழியில் விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது. விளம்பரம் போட ஆளைத் தெரியுது, தடுக்கத் தெரியாதா?

20.11.2000 அன்று தீர்ப்பு வந்தது. மூன்று மாதத்துக்குள் தடுக்கணும், இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 1 லட்சம் பிராங்க் அபராதம். யாஹூ 2001 ஜனவரியில் தானாகவே அந்த ஏலத்தை நிறுத்தியது. ஆனாலும் அமெரிக்க கோர்ட்டுக்குப் போய், அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று வாங்கிக்கொண்டது. 2006-இல் மேல் கோர்ட் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது.

பிரெஞ்சு நீதிபதி செய்தது சரி என்பது என் கருத்து. அவர் பிரான்சில் இருப்பவர்களுக்குக் காட்டாதே என்றுதான் சொன்னார். நம்ம ஊர்த் திருவிழாவில் குழாய் ரேடியோ கட்டினால் பக்கத்து ஊர்வரைக்கும் கேட்கும். அங்கே சாவு விழுந்திருந்தால், "எங்க பக்கம் இருக்கிற குழாயைத் திருப்பி வையுங்க" என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. திருவிழாவே நடத்தாதே என்று சொல்ல உரிமை கிடையாது.

2024 ஏப்ரலில் அப்படித்தான் ஒன்று நடந்தது. சிட்னியில் ஒரு சர்ச்சில் பிஷப்பைக் கத்தியால் குத்திய வீடியோ பரவியது. எக்ஸ் தளம் அதை ஆஸ்திரேலியாவுக்குள் மறைத்தது. அங்குள்ள இணையப் பாதுகாப்பு ஆணையர் உலகம் முழுக்க மறைக்கணும் என்றார். மே மாதம் நீதிபதி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோ கொடூரம்தான். ஆனால் ஒரு நாடு உலகத்துக்கே உத்தரவு போட்டால் எல்லா நாடும் போடும். அப்புறம் எங்கே ரொம்பக் கெடுபிடியோ அந்தச் சட்டம்தான் எல்லோர் தலையிலும்.

எனக்கு ஒரு பயமும் உண்டு. "எங்க எல்லைக்குள்ளதானே" என்று சொல்லி, சொந்த ஜனங்க வாயையே அடைக்கிற அரசாங்கமும் இருக்கு. சீனாவில் 2009 முதல் பேஸ்புக் கிடையாது. பாரிஸில் வழக்குப் போட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்றவர்கள். இரண்டு பக்கமும் பேசியது, காரணம் எழுதித் தீர்ப்பு வந்தது. ஒரு அதிகாரி ரூமுக்குள் உட்கார்ந்து பட்டனை அமுக்குவது அது மாதிரி ஆகாது.

மீதி 30 சதவீதம் பேர் எப்படியும் பார்த்துடுவாங்களே என்று கேட்பீர்கள். பார்க்கட்டும். ஆடு தாண்டுது என்று யாரும் வேலியைப் பிடுங்கிப் போடுவதில்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி