சுங்கத்தின் திறவுகோல் எவரிடம்?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆடை தைப்போர்க்கு நூல்விலை குறையவேண்டும். பருத்தி விளைக்கும் உழவர்க்கோ பஞ்சுவிலை நிற்கவேண்டும். இருவரையும் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டியது மக்கள் மன்றமன்றோ?

நடந்தது என்ன? அயல்நாட்டுப் பருத்திக்கு இருந்த 11 விழுக்காட்டு இறக்குமதி வரியை 2025 ஆகசுட்டு 18இல் ஓர் அறிவிக்கை துடைத்தெறிந்தது. அன்று நாடாளுமன்றம் கூடியே இருந்தது! ஆயினும் அதன் ஒப்புதல் கேட்கப்படவில்லை. பின்னர் திசம்பர் 31 வரை நீட்டித்ததும் அறிவிக்கையே.

சட்டமின்றி வரியில்லை என்கிறது அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. வரிவிலக்கை அரசே வழங்கலாம் என்கிறது 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. தமிழகச் சட்டமன்றத்திற்கோ சுங்கத்தில் எள்ளளவும் உரிமையில்லை. ஒன்றியப் பட்டியலில் அது தில்லிக்கே எழுதப்பட்டுவிட்டது.

விலக்கு நன்றா தீதா என்பதன்று வினா. விலக்கியவர் எவர் என்பதே வினா. தமிழா, உன் வாழ்வை அளக்கும் கோலை உன் மன்றத்திற்குக் கேள்!